பீட்டர் சாமி காரின் ஒல்லி ஸ்டெப்னி

திருவண்ணாமலை
மாசி மாதம், 1980

அன்பு மகன் ஆதிமூலத்துக்கு அம்மா எழுதுவது. அண்ணாமலையார் தயவில் இங்கே மாடு கறக்கிறது, அடுப்பு எரிகிறது, உன் மனைவி சரசுவும் குழந்தையும் சுகம். நீ பம்பாயில் வேளைக்குச் சாப்பிட்டு, துறைமுகத்தில் தலைக்கு மேலே போகிற சங்கிலியைப் பார்த்து நடந்து நல்லபடியாக இருக்க வேண்டும். எப்போதும் நான் சொல்லச் சொல்ல சரசு எழுதுவாள், இதை நானே எழுதுகிறேன். மூணாவதோடு நின்ற படிப்பு, எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துப் படி. இந்த வீட்டுச் சண்டையை அவள் கையால் எழுத வைக்க எனக்கு மனசில்லை. மாட்டுப்பொங்கல் அன்று நம் வாசலில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு யாரும் நான் அங்கே இல்லை என்று சொல்லக்கூடாது. உன் நைனா இருந்தார். பொங்கலுக்கு அடி அண்ணாமலையிலிருந்து வந்து தங்கியிருந்த உன் அத்தை மணியம்மாள் இருந்தாள், அவள் வீட்டுக்காரர் இருசப்பன் இருந்தார். சரசு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் இருந்தேன். உன் தம்பி சகாதேவன் இருந்தான். இப்போது அவன் இந்த வீட்டில் இல்லை, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நம் முன் அறையில் வாடகைக்கு இருந்த வெள்ளைக்காரர் பீட்டர் சாமியை உனக்குத் தெரியும். ரெண்டு பேர் மட்டும் உட்காருகிற, கன்றுக்குட்டி உயரம்கூட இல்லாத அந்தப் பழைய சிவப்புக் காரைத் தன் நாட்டிலிருந்து ரோட்டு வழியாகவே ஓட்டிக்கொண்டு வந்தவர். ஐப்பசியில் அவருடைய அம்மாவுக்கு முடியவில்லை என்று தந்தி வந்து விமானத்தில் போய்விட்டார். காரை நம் வைக்கோல் கொட்டகையில் விட்டு, சாவியை சகாதேவன் கையில் கொடுத்து, பங்குனியில் வருவேன், பம்பாய் வரைக்கும் ஓட்டிப் போய்க் கப்பலில் ஏற்ற வேண்டும், நீயும் கூட வா என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து உன் தம்பி லாரிப் பட்டறை வேலையிலிருந்து வந்ததும் சோறு கேட்பதற்கு முன்னால் காரைத் துடைப்பான். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். அந்தக் காருக்கு இன்ஜின் பின்னால், முன் மூடியைத் திறந்தால் ஒரு பள்ளம், அதில் ஸ்டெப்னி. மற்ற சக்கரத்தில் பாதி அகலம்கூட இல்லை. இன்னாடா இது நோஞ்சான் புள்ள மாதிரி கீதுன்னு கேட்டேன். இடம் கம்மிம்மா, அதுக்குன்னே ஒல்லியா செஞ்சிக்கிறான், பஞ்சர் ஆனா இதைப் போட்டுக்கினு கடை வரைக்கும் மெதுவா போவணும், அப்பால கழட்டி வச்சிரணும்னு சொன்னான். அதைத் தடவிக்கொண்டே சொன்னான்.

போகிக்கு முந்தின நாள் அந்த ஸ்டெப்னிக்குக் காற்றடிக்க வேண்டும் என்று வெளியே எடுத்தவன், பட்டறையிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டதும் அதைப் பின்கட்டுச் சுவரில் சாத்திவிட்டு ஓடினான். பண்டிகை லோடு ஏற்றிய லாரிகள் வரிசையாக நின்றதால் மாட்டுப்பொங்கல் காலையில்தான் வீட்டுக்கு வர முடிந்தது. அவன் செய்த தப்பு, போகிக்கு எரிக்கக் குவித்திருந்த கிழிந்த பாய்க்கும் பழைய முறத்துக்கும் பக்கத்தில் அதைச் சாத்தியதுதான். போகி விடியற்காலையில் உன் நைனா கழனிக்குப் போய்விட்டார், நானும் சரசுவும் உள்ளே பானை கழுவிக்கொண்டிருந்தோம். வாசலில் கறுப்பாகப் புகை எழும்பியது. இன்னாத்தப் போட்டீங்க இப்படி நாறுதுன்னு குரல் கொடுத்தேன். எதோ சைக்கிள் டயரு அண்ணி, ஊரே போடுது, நாம போட்டாதான் நாறுதான்னு உன் அத்தை திருப்பிக் கேட்டாள். நானும் சும்மா இருந்துவிட்டேன்.

மாட்டுப்பொங்கல் அன்று மாட்டுக்கெல்லாம் கொம்பு தீட்டி மணி கட்டி முடித்ததும், காருக்கும் ஒரு மாலை போடலாம் என்று சகாதேவன் அதைக் கழுவினான். ஸ்டெப்னியை எடுத்து வைக்கலாம் என்று பின்கட்டுக்குப் போனால் அது இல்லை. ஒவ்வொருத்தரையும் கேட்டான். நான் எதுக்குப்பா உன் சக்கரத்தப் பாக்கப் போறேன், எனக்கு இன்னா காரா ஓடுதுன்னு உன் அத்தை சிரித்தாள். இருசப்பன் தரையைப் பார்த்தார். உன் நைனா, பட்டறையில வித்துட்டு இங்க வந்து நாடகமாடறியாடான்னு கேட்டுக்கொண்டே செருப்பைக் கழற்றி, மாடும் மனுஷரும் பார்க்க, வளர்ந்த பிள்ளையைக் கன்னத்தில் அடித்தார். போதும் வுடுண்ணா, வயசுப் புள்ள, எதோ செலவுக்கு எடுத்திருப்பான்னு உன் அத்தை நடுவில் வந்து தடுத்தாள். தடுத்த மாதிரி அவனைத் திருடனாக்கினாள். உன் காதுகுத்துக்கு ஓட்டைச் சொம்பைச் சந்தனம் தடவிக் கொண்டு வந்தவள்தானே. சகாதேவன் அதே மாதிரி வேறு சக்கரம் தேடிக் கிளம்பினான். வேலூர் போனான், கிடைக்கவில்லை. மெட்ராஸ் புதுப்பேட்டையில் பழைய கார் உடைக்கிற கடையெல்லாம் ஏறி இறங்கி ஒரு சக்கரத்தைத் தோளில் சுமந்துகொண்டு வந்தான். போல்ட் மாட்டுகிற நாலு ஓட்டையும் பொருந்தியது, நான் பெருமூச்சு விட்டேன். பள்ளத்தில் வைத்தால் சக்கரம் தடிமன், மூடி மூடவில்லை. எப்படியெல்லாமோ திருப்பி வைத்துப் பார்த்தான். எடுத்தது ஒண்ணு குடுக்கறது ஒண்ணா, யாரை ஏமாத்தறேன்னு உன் நைனா கேட்டார். சாவியைச் சாமி மாடத்தில் வைத்துவிட்டு அப்படியே போனவன்தான். பூனாவுக்குப் போகிற லாரியில் ஏறினான் என்று பட்டறையில் சொன்னார்கள்.

தைப்பூசப் பௌர்ணமிக்கு அவனை வேண்டிக்கொண்டு மலை சுற்றப் போனேன். அடி அண்ணாமலை வந்ததும் நாக்கு வறண்டு உன் அத்தை வீட்டில் நுழைந்தேன். தண்ணீர் மொள்ளக் குனிந்தால் குடத்துக்குக் கீழே வட்டமாக ஒரு இரும்பு. குடம் உருளாமல் இருக்க வைக்கிற வைக்கோல் பிரிமனைக்குப் பதிலாக வைத்திருக்கிறாள். அதில் நாலு ஓட்டை. குடத்தைத் தள்ளி அதை உருவினேன், வீடெல்லாம் தண்ணீர். அண்ணி அண்ணி, தெருவுல கெடந்ததுன்னு உன் அத்தை கத்தினாள். மீதி மலையை அந்த இரும்பை இடுப்பில் வைத்துக்கொண்டு சுற்றினேன். இருசப்பன் பின்னாலேயே வந்து அழுதார். யக்கா, ஒல்லியா கெடந்துச்சா, எந்த வண்டிக்கும் ஆகாத டயருன்னு நெனச்சி கடப்பாறையால நெம்பி நெருப்புல போட்டுட்டேன், ரிம்மு நல்லா கீதுன்னு இவ எடுத்துக்கினா, பையன அடிச்சப்ப சொல்லலாம்னு வாயத் தொறந்தேன், இவ கையக் கிள்ளிட்டான்னு சொன்னார். அவரை மன்னித்துவிட்டேன். அவளையும் என்றைக்காவது மன்னிப்பேனோ என்னவோ, அவள் ஆசை எப்போதும் வெளியே தெரிகிற ஆசை.

அந்த இரும்பை உன் நைனா முன்னால் வைத்து நடந்ததைச் சொன்னேன். புரட்டிப் பார்த்தார். பண்டிகைக்கு வந்த பொண்ணு பொறந்த வூட்டுலேர்ந்து எதையோ எடுத்துக்கினு போயிட்டா, அதைப் போயி தண்டோரா போடுவியான்னு கேட்டார். புள்ளைய செருப்பால அடிச்சீங்களேன்னு கேட்டேன். அப்பன்தானே அடிச்சான்னு சொன்னார். பீட்டர் சாமி வந்தா இன்னா சொல்றதுன்னு கேட்டேன். பையன் எடுத்துக்கினு ஓடிட்டான்னு சொல்லிக்கலாம், அவன்தான் இங்க இல்லியே, கூடப் பொறந்தவள சந்தியில நிறுத்த முடியுமான்னு சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஆதிமூலம், அந்த ரிம் கடப்பாறை பட்டு விளிம்பு நசுங்கிவிட்டது, காற்று நிற்காது என்று பஞ்சர் கடையில் சொல்லிவிட்டார்கள். அந்த ஒல்லி அளவுக்கு டயரும் இங்கே இல்லை. பம்பாயில் உடைத்த கார் சாமான்கள் மலை மாதிரி குவிந்திருக்கிற பஜார் இருக்கிறது என்று நீ முன்பு எழுதியிருந்தாய். அங்கே தேடி வாங்கி அனுப்பு. ரிம்மில் பொறித்த எண்ணை சரசு தனிச் சீட்டில் எழுதியிருக்கிறாள். பூ கட்டுகிற நூல் ஒன்றும் வைத்திருக்கிறேன். முழு நீளம் பள்ளத்தின் அகலம், பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற ரெண்டு முடிச்சு ஓட்டைக்கு ஓட்டை தூரம், நூல் முனையிலிருந்து தனியாக இருக்கிற முடிச்சு வரைக்கும் சக்கரத்தின் தடிமன். அதற்கு மேல் ஒரு விரல் ஜாஸ்தி இருந்தாலும் வேண்டாம், கடைக்காரன் இதுதான் அது என்று சத்தியம் பண்ணினாலும் நூலை வைத்துப் பார். பங்குனி பிறப்பதற்குள் அது காரில் இருக்க வேண்டும். பீட்டர் சாமி மூடியைத் திறக்கும்போது என் பிள்ளை திருடன் என்று சொல்ல யாருக்கும் இடம் இருக்கக்கூடாது. சகாதேவன் உன்னிடம்தான் வருவான் என்று என் மனசு சொல்கிறது. வந்தால் ஒன்றும் கேட்காதே, முதலில் சோறு போடு, அம்மா அந்த இரும்பைக் கண்ணால் பார்த்துவிட்டாள் என்று மட்டும் சொல்.

பதிலை சரசு பெயருக்கு எழுது, என் பெயருக்கு வந்தால் தபால்காரரிடம் உன் நைனா கை வாங்கிவிடும். எண்ணெய் தேய்த்துக் குளி, வெறும் வயிற்றில் டீ குடிக்காதே. நீயும் உன் தம்பியும் ஒரே தட்டில் சாப்பிடுகிற ஒற்றுமையோடு நூறு வயது இருக்க அண்ணாமலையாரும் உண்ணாமுலை அம்மனும் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
பச்சையம்மாள்

கையெழுத்துப் போட்ட பிறகும் ஒன்று பாக்கி இருக்கிறது. தாலி ஏறின நாளிலிருந்து உன் நைனாவின் பேரை நான் சொன்னதில்லை. ரேஷன் கார்டுக்குக் கேட்டபோதுகூடக் காட்டுக் கோயில் சாமி பேர் என்று சொல்லி அந்த அதிகாரியைச் சிரிக்க வைத்தேன். எழுதியதும் இல்லை, இப்போது எழுதுகிறேன். அறியாமல் அடித்ததை மறந்திருப்பேன், அறிந்த பிறகும் என் பிள்ளை திருடனாகவே இருக்கட்டும் என்றாரே, அதற்காக நான் சாகிற வரைக்கும் மன்னிக்கப் போகாதவர் வேடியப்பன்.