அம்மா மூடிய பெட்டிகள்

அன்புள்ள பெரியவளுக்கு, அம்மா சொல்லச் சொல்லச் சின்னவள் எழுதுவது. இங்கே நான், அப்பா, உன் தங்கை மூன்று பேரும் நலமாக இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்பித்தான் தினமும் படுக்கப் போகிறேன். உன்னோடு வேலை பார்க்கும் வெல்டர் லீவு முடிந்து நாளை வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளம்புகிறார், சனிக்கிழமை இரவு உங்கள் வேலைத்தள முகாமுக்கு வந்து சேர்ந்துவிடுவாராம், போகிற வழியில் பார்சலை வாங்கிக்கொள்கிறேன் என்றார், அதுதான் கடிதமாகவும் எழுதச் சொல்கிறேன், என் கை இரண்டும் பார்சல் கட்டுவதில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போனில் உன் முகாமின் இரைச்சலில் பாதி காதில் விழுவதில்லை, உனக்குப் பின்னால் யாராவது "சீக்கிரம் முடிங்க" என்று கத்திக்கொண்டே இருக்கிறார்கள், அவர்களுக்கெல்லாம் அம்மா கிடையாதா என்று கேள். அங்கத்து ராத்திரிக் குளிருக்கு இரண்டு கம்பளிச் சட்டையும் முழங்கால் தைலமும் வைத்திருக்கிறேன், தைலத்தைக் கண்ணருகே கொண்டுபோகாதே. அப்பா லாரியோடு போய் ஒன்பது நாள் ஆகிறது, நேற்று பேசினார், பிரேக் மாற்றினீர்களா என்று கேட்டால் மழை பெய்கிறது என்கிறார். குளியலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது, பிளம்பர் மூன்று முறை வந்து மூன்று முறையும் இனி சொட்டாது என்று சொல்லிவிட்டுப் போனார். நீ வைத்துவிட்டுப் போன கம்ப்யூட்டர் நன்றாக ஓடுகிறது, அந்தக் கவலை உனக்கு வேண்டாம், சின்னவள் அதில் புது பிரவுசர் போட்டுக் கொடுத்தாள், ஆஸ்பத்திரிக் கடிதங்கள் எல்லாம் சட்டென்று திறக்கின்றன, உனக்கு அடுத்த இன்ஜினியர் வீட்டிலேயே தயார். தூக்கம் கண்ணைச் சுழற்றுகிறது, மீதியைக் காலையில் சொல்கிறேன்.

அக்கா, இதுவரை அம்மா சொன்னது. இனி நான். அம்மா தூங்கிவிட்டாள், நான் குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன், இந்த ஒரு விளக்குதான் அம்மாவின் அறைக்குத் தெரியாது. தயவுசெய்து நீ தனியாக இருக்கும்போது படி. கம்ப்யூட்டர் நன்றாக ஓடவில்லை. அம்மாவின் வேலை போய்விடும் போலிருக்கிறது, அதற்குக் காரணம் நான், அது இன்னும் யாருக்கும் தெரியாது.

முதலிலிருந்து சொல்கிறேன். போன மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து அம்மாவுக்கு ஓர் அறிவிப்பு வந்தது, அதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். வீட்டிலிருந்து டைப் செய்கிறவர்கள் எல்லோரும் ஒன்றாம் தேதிக்குள் புது பிரவுசருக்கு மாற வேண்டும், பழைய பிரவுசரில் டாக்டர்கள் பேசி அனுப்பும் குரல் பதிவுகள் திறக்காது, மாறாதவர்களின் வேலை வேறு ஆளுக்குப் போகும் என்று அதில் இருந்தது. அம்மா அதை இரண்டு முறை படித்துவிட்டு மடித்து ஹெட்போன் பெட்டிக்குள் வைத்தாள். மறுநாள் நாங்கள் இரண்டு பேரும் புது பிரவுசரை ஏற்றிப் பார்த்தோம், இந்தக் கம்ப்யூட்டரில் உள்ள சிஸ்டம் மிகப் பழையது, இதில் ஏறாது என்று வந்தது. கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊதி மாமாவின் ரிப்பேர் கடைக்குப் போனோம், உனக்கு நினைவிருக்கும், எதைக் கொடுத்தாலும் முதலில் வாயால் தூசி ஊதுவாரே, நீ வைத்த பெயர்தான், இப்போது தெருவே அப்படித்தான் கூப்பிடுகிறது. அவர் ஊதிவிட்டுத் திறந்து பார்த்து, "ஏங்க, இது பென்ஷன் வாங்க வேண்டிய ஆளுங்க, இன்னும் வேலைக்கு அனுப்புறீங்களே. நாலு வருஷமா ஒரு அப்டேட்கூட உள்ள போகலையே, யாரு இதப் பாத்துக்கிட்டது?" என்று கேட்டார். அம்மா நிமிர்ந்து நின்று, "நான்தான். என் பெரிய பொண்ணு சொன்னபடி ஒருநாள் தவறாம செஞ்சேன்" என்றாள்.

அக்கா, நீ கிளம்புகிற அன்று மானிட்டரின் ஓரத்தில் ஒரு சீட்டு ஒட்டிவிட்டுப் போனாய், திரையில் எந்தப் பெட்டி வந்து என்ன கேட்டாலும் பெருக்கல் குறியை அழுத்து என்று. அதற்கு முந்தின வாரம் அம்மா எதற்கோ சரி என்று அழுத்தித் திரை முழுக்க விளம்பரமாக வந்ததால்தான் அப்படி எழுதினாய், எனக்குத் தெரியும், உன்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் அம்மா அதைச் சட்டம் மாதிரி எடுத்துக்கொண்டாள். பாதுகாப்புத் திருத்தம் வந்திருக்கிறது என்று பெட்டி வந்தால் மூடுவாள், புது சிஸ்டத்துக்கு மாறலாம் என்று வந்தால் மூடுவாள், இந்த சிஸ்டத்துக்கு இனி ஆதரவு கிடையாது, இதுவே கடைசி அறிவிப்பு என்று வந்தபோதும் மூடியிருக்கிறாள். ஊதி மாமாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை, அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். பிறகு பொறுமையாகத்தான் சொன்னார். "ரெண்டு வழி இருக்குங்க. பழைய மெஷினுக்கு இன்னும் பாதுகாப்புத் திருத்தம் குடுக்குற பிரவுசர் ஒண்ணு இருக்கு, அதப் போடலாம், ஆனா அதுவும் கொஞ்ச நாளைக்குத்தான். இல்லேன்னா உள்ள இருக்குற சிஸ்டத்தையே எடுத்துட்டு, சும்மா கிடைக்கிற லேசான சிஸ்டம் போட்டுத் தர்றேன், அதுல புது பிரவுசரே ஓடும். எதுன்னாலும் உங்க கால் பெடல் அதோட ஒத்துப்போகுதான்னு பாக்கணும், ரெண்டு நாள் விட்டுட்டுப் போங்க." ரெண்டு நாள் என்றதும் அம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். டாக்டரின் குரலை நிறுத்தவும் ஓடவிடவும் அந்தப் பெடல் இல்லாமல் அவளால் ஒரு வரி அடிக்க முடியாது, இரண்டு நாள் வேலை செய்யாமல் இருந்தால் அதையே சாக்காக வைத்து வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

அவள் அப்படிப் பயந்ததைப் பார்த்துத்தான் நான் செய்தேன். அவள் மளிகைக் கடைக்குப் போயிருந்த நேரத்தில் பழைய கம்ப்யூட்டருக்கு ஏற்ற பிரவுசர் என்று தேடினேன். முதலில் வந்த வரியை அழுத்தினேன், அது விளம்பரம் என்று ஓரத்தில் சின்னதாகப் போட்டிருந்ததை இன்றைக்குத்தான் பார்த்தேன். நம் கம்ப்யூட்டர் மாதிரியே ஒரு படம், அதன் பக்கத்தில் சிரிக்கிற ஒரு பெண், நீலப் பொத்தான். யார் செய்த பிரவுசர், திருத்தங்கள் கடைசியாக எப்போது வந்தன, எதுவும் பார்க்கவில்லை. பழைய பாஸ்வேர்டுகளைக் கொண்டுவரட்டுமா என்று கேட்டது, அம்மாவுக்கு மறுபடி அடிக்கிற வேலை மிச்சமாகட்டும் என்று ஆமாம் என்று அழுத்தினேன். ஆஸ்பத்திரிப் பக்கம் ஒரே தடவையில் திறந்தது அக்கா. அம்மா என் தலையைப் பிடித்து உச்சியில் முத்தமிட்டாள், அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னாள், மாடிவீட்டு டெய்லரம்மாவிடம் "ஊதி ஊதி அந்த ஆளு ரெண்டு நாள் கேட்டாரு, இவ பத்து நிமிஷத்துல முடிச்சிட்டா" என்று சொன்னாள். மூன்றாம் நாளிலிருந்து கேட்காத பக்கங்கள் தானாகத் திறக்கத் தொடங்கின. நான் பள்ளியிலிருந்து வந்து ஒவ்வொன்றாக மூடுவேன். அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள்.

இன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிப் பதிவேட்டுப் பிரிவின் மேலாளரம்மா போன் செய்தார். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். "நேத்து ராத்திரி ரெண்டு மணிக்கு உங்க பேர்ல உள்ள வந்து நாப்பது கடிதத்தத் திறந்து பாத்திருக்கே, நீங்களா?" என்றார். அம்மா யோசித்துவிட்டு, "அணைக்க மறந்திருப்பேன்மா, அதுபாட்டுக்கு ஓடியிருக்கும்" என்றாள். அவர் அம்மா மேல் உள்ள மரியாதையில் "சரி, கவனமா இருங்க" என்று வைத்துவிட்டார். நான் பாடப் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். கம்ப்யூட்டர் தானாக ஓடி நாற்பது கடிதத்தைத் திறக்காது அக்கா. யாரோ அம்மாவின் பெயரில் உள்ளே போய்ப் படித்திருக்கிறார்கள். அந்தக் கடிதங்களை அம்மா எப்படி வைத்திருப்பாள் என்று உனக்குத் தெரியும். டெய்லரம்மா தனக்குக் கட்டி இருப்பதை நம் வீட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டே சொன்னபோது அப்பா அதிர்ந்துபோனார், நான் அழுதேன், அம்மாவின் முகத்தில் மட்டும் ஆச்சரியமே இல்லை. பதினைந்து நாளைக்கு முன்பே அவருடைய ஆஸ்பத்திரிக் கடிதத்தை அவள்தான் அடித்திருக்கிறாள், தினமும் அவரை மாடிப்படியில் பார்த்து மாவு அரைப்பதைப் பற்றிப் பேசிவிட்டு வந்திருக்கிறாள், அப்பாவுக்குக்கூட மூச்சு விடவில்லை.

நீ ஞாயிற்றுக்கிழமை பேசும்போது ஸ்பீக்கரை அணைக்கச் சொல்லிவிட்டு, என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு மட்டும் சொல். இன்றிரவுக்கு இன்டர்நெட் வயரைப் பிடுங்கி வைத்திருக்கிறேன். ஆனால் அம்மா காலை ஆறு மணிக்கு உட்காருவாள், வயர் கழன்றிருக்கிறது என்று தானே சொருகிவிடுவாள். நாளைக்கு ஒருமுறை பாஸ்வேர்ட் அடிப்பாள், வெள்ளிக்கிழமை ஒருமுறை, சனிக்கிழமை ஒருமுறை, ஒவ்வொரு முறையும் யாரோ பார்த்துக்கொண்டிருப்பார்கள். எழுதும்போதுதான் எண்ணிப் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் எப்படி

அக்கா, நடுவில் எழுத முடியவில்லை. அம்மா வந்து கதவைத் தட்டினாள். "உள்ள என்னடி பண்ற இவ்ளோ நேரம், வயிறு சரியில்லையா?" என்றாள். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம், சொல்லத்தான் வாயைத் திறந்தேன், அழுகை வந்துவிட்டது. கதவைத் திறந்து காகிதத்தை அவள் கையில் கொடுத்தேன். அவள் படிக்கட்டும் என்று வாளி மேலேயே உட்கார்ந்திருந்தேன். கண்ணாடி இல்லாமல் வந்திருந்ததால் விளக்குக்குப் பக்கத்தில் பிடித்து மெதுவாகப் படித்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் பரவாயில்லை. "அதுல டெய்லரம்மா கடிதம் இருக்குமா?" என்று மட்டும் கேட்டாள். தெரியாதும்மா என்றேன். போனை எடுத்து, அந்த நேரத்துக்கு, மேலாளரம்மாவைக் கூப்பிட்டாள். நான் கையைப் பிடித்து, "வேண்டாம்மா, வேலை போயிடும்மா" என்றேன். "கைய விடு. இன்னொரு தடவ ரெண்டு மணி ஆகக் கூடாது" என்றாள். இரண்டாவது முறை அழைத்தபோதுதான் அவர் எடுத்தார். அம்மா, "மன்னிக்கணும்மா, சாயந்திரம் நான் சொன்னது தப்பு. கம்ப்யூட்டர் தானா ஓடல. நம்பக் கூடாத பிரவுசர் ஒண்ண போட்டுட்டோம், என் பாஸ்வேர்ட் வெளிய போயிருக்கு. என் பேர்ல யாரும் உள்ள வர முடியாதபடி இப்பவே மூடிடுங்க, நானும் உள்ள வர வேண்டாம்" என்றாள். யார் போட்டது என்று அவர் கேட்டார். என் வீட்டில் நடந்தது, நான்தான் பொறுப்பு என்றாள். அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. மூடிவிட்டேன், காலை பத்து மணிக்கு நேரில் வாருங்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நான் இந்தக் காகிதத்தைக் கிழிக்கப் போனேன். "கிழிக்காத, இதையே அனுப்பு, அவளும் தெரிஞ்சுக்கட்டும்" என்று பேனாவைக் கேட்கிறாள்.

பெரியவளே, இது அம்மாவே எழுதுவது. கம்ப்யூட்டர் நன்றாக ஓடுகிறது என்று மேலே நான் சொன்ன வரியைக் கோடு போட்டு அடிக்கவில்லை, சொல்லும்போது அப்படித்தான் நம்பினேன். எந்த நாற்பது கடிதம் என்று எனக்குத் தெரியாது, ஆனால் எல்லாம் நான் அடித்தவை, அதனால் அந்த நாற்பது பேரையும் எனக்குத் தெரியும், அதுதான் தூங்கவிடாமல் செய்கிறது. அறிவிப்பை உன்னிடம் மறைத்தது என் தப்பு, நீ அங்கே வெயிலில் நின்றுகொண்டு இதற்கும் சேர்த்து யோசிக்க வேண்டாம் என்று நினைத்தேன். நீ ஒட்டிய சீட்டை நான் புரிந்துகொண்டது என் அறிவுக்கு எட்டிய வரை, அதை நினைத்து நீ ஒரு வேளைச் சாப்பாட்டைத் தள்ளினாய் என்று தெரிந்தால் கோபித்துக்கொள்வேன். வேலை இருந்தாலும் போனாலும் கம்ப்யூட்டரை ஊதி மாமாவிடம் விட்டுவிடப் போகிறேன், அவர் எத்தனை நாள் கேட்டாலும் சரி. வேலை என்ன ஆனது என்று பத்து மணிக்குத்தான் தெரியும், வெல்டர் ஏழு மணிக்கே கிளம்பிவிடுவார், ஆகவே இதில் அதற்குப் பதில் இருக்காது, ஞாயிற்றுக்கிழமை போனில் என் குரலை வைத்துக் கண்டுபிடிக்கப் பார்க்காதே, நேராகக் கேள், நேராகச் சொல்கிறேன். தங்கையிடம் இதைப் பற்றிக் கேட்காதே, கேட்க வேண்டியதை நான் கேட்டுவிட்டேன். உனக்கு நோய்நொடி இல்லாமல் இருக்கட்டும், போகிற இடமெல்லாம் நல்ல மனிதர்களாக அமையட்டும். முழங்கால் தைலத்தைப் படுக்கும்முன் தேய்க்க மறக்காதே. நாளை சின்னவளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை, ஆஸ்பத்திரிக்கு என்னோடு கூட்டிப் போகிறேன், எந்தப் பொத்தானை அழுத்தினாள், அது என்ன கேட்டது, எப்போதிலிருந்து பக்கங்கள் திறந்தன என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்தால்தான் யாருடைய கடிதம் போனது என்று கண்டுபிடிக்க முடியும், அதை என்னால் சரியாகச் சொல்ல வராது, அவளால்தான் முடியும். பயமாக இருக்கிறதும்மா என்றாள். எனக்கும்தான், வாய் குழறினால் என் கையைப் பிடித்துக்கொள் என்றேன்.

உன் நலமே வேண்டி,
அம்மா