முதல் குளியல் யார் காலில்

செங்கல்பட்டு,
ஞாயிறு மாலை

அன்பு மகள் ஹெலனுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் தயவால் நானும் அப்பாவும் சுகம், நீயும் மாப்பிள்ளை ஜெரோமும் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் அப்படியே இருக்கத் தினமும் முழங்கால் போடுகிறேன். போனில் பேசினால் எனக்குக் குரல் ஏறிவிடும், அப்பா போனைப் பிடுங்கிக்கொள்வார், அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் கனடாக் குடிமக்களான விழா வீடியோவை அப்பா தெருவுக்கே காட்டிவிட்டார். சின்ன ஊர் என்றாலும் மேயர் வந்து கைகுலுக்கியதும், ஊர்க்காரர்கள் வீட்டில் பலகாரம் செய்து கொண்டுவந்து வைத்ததும் நன்றாகத்தான் இருந்தது. எதிர்வீட்டு முனியம்மா, "இன்னா ரெபேக்கா, உன் பொண்ணு அந்த ஊரு ஆளாவே ஆயிட்டா போல கீது" என்றாள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் சொந்தக்காரர்களுக்குப் போட்ட நாற்காலியில் உங்கள் பக்கத்து வீட்டு டோரதி உட்கார்ந்திருந்தாளே, அதுவும் நான் காஞ்சிபுரம் போய் உனக்கு எடுத்துக்கொடுத்த நீலப் பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு, அங்கேதான் எனக்கு வயிறு எரிந்தது. முந்தானை வலது தோளில் கிடக்கிறது, கொசுவம் கணுக்காலுக்கு மேலே நிற்கிறது. அம்மாவைக் கூப்பிடுகிற மாதிரி அவளை நீ "மாம்" என்று கூப்பிட்டதும் காதில் விழுந்தது. பனியில் உன்னை ஆஸ்பத்திரிக்குக் காரில் ஏற்றிப் போகிறவள் அவள்தான், நன்றி வேண்டாமா என்கிறார் அப்பா. நன்றி இருக்கிறது. பொறாமையும் இருக்கிறது, அதை நான் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது.

போன வாரம் நீ, பிரசவத்துக்கு வர உனக்கு விசா வராவிட்டால் கவலைப்படாதேம்மா, பிள்ளையை டோரதி குளிப்பாட்டிவிடுவாள் என்றாயே, அதைக் கேட்டபிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. உன்னை, உன் தம்பி சாமை, இந்தத் தெருவில் பாதிப் பிள்ளைகளைக் காலில் போட்டுக் குளிப்பாட்டியவள் நான். என் பேரப்பிள்ளையின் முதல் குளியல் மட்டும் யாரோ ஒருத்தியின் பிளாஸ்டிக் தொட்டியிலா என்று அப்பாவிடம் நாலு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இந்தக் கோபத்தோடு இருக்கும்போதுதான், நம் மாடியில் புதிதாகக் குடிவந்த ஒடிசாப் பெண் மம்தா, மெடிக்கல் காலேஜில் பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்தாள். புருஷனுக்குச் சிங்கப்பெருமாள்கோயில் பக்கம் கம்பெனி வேலை, துணைக்கு வேறு ஆள் இல்லை. முனியம்மா பூண்டுக் குழம்பு வைத்தாள், சபையில் பழைய வேட்டித் துணி சேர்த்துக் கொடுத்தார்கள், இரண்டே நாளில் அந்தக் குட்டியை நம் ஊர்ப் பிள்ளையாக்கிவிட்டார்கள். குளிப்பாட்ட என்னைத்தான் கூப்பிட்டார்கள். மணையில் உட்கார்ந்து காலை நீட்டிப் பிள்ளையைக் குப்புறப் போட்டேன். மம்தா போனை எதிரில் பிடித்தாள், அந்தப் பக்கம் அவளுடைய அம்மா. வயலில் அறுப்பு, விட்டுவிட்டு வர முடியவில்லையாம். அந்தம்மா சிரிக்கவே இல்லை, எதையோ சொல்லிக்கொண்டே இருந்தாள். என்னவென்று கேட்டேன். மம்தா தயங்கி, இங்கே வந்து கற்றுக்கொண்ட தமிழில், "தண்ணி சூடு ஜாஸ்தியாம், காதுல போவுதாம், நீங்க புடவைய இன்னும் தூக்கிச் சொருகணுமாம், அம்மா" என்றாள். என் புடவையில் குறை. மம்தா என்னை அம்மா என்றதும் அந்தம்மா பேச்சை நிறுத்திவிட்டு என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். வீடியோவில் டோரதியை நான் அப்படித்தான் பார்த்தேன்.

சொம்பைக் கீழே வைத்துவிட்டு, உங்க ஊர்ல எப்படிச் செய்வாங்கன்னு உங்கம்மாவக் கேளு என்றேன். முதலில் கடுகெண்ணெய் தேய்க்க வேண்டுமாம். வாடை தாங்காமல் முனியம்மா மூக்கைப் பொத்திக்கொண்டாள், நான் தேய்த்தேன். அந்தம்மா சொல்லச் சொல்லத்தான் தண்ணீர் ஊற்றினேன். கடைசிச் சொம்பை நான் சரிக்கும்போது அவளும் அங்கிருந்தே கையைச் சரித்தாள், வெறும் கையை.

ஆகையால் ஹெலன், விசா வந்தால் ஓடி வருகிறேன். வராவிட்டால் போனை டோரதிக்கு எதிரில் பிடி. நான் சிரிக்கமாட்டேன், குறை சொல்வேன், அவளிடம் முன்பே சொல்லிவை. அவளுக்கு முட்டி வலி இருந்தால் தொட்டியே போதும். கடைசிச் சொம்பை மட்டும் நான் கையைச் சரித்தபிறகு ஊற்றச் சொல். நீலப் புடவை அவளிடமே இருக்கட்டும், முந்தானையை இடது தோளுக்கு மாற்றிவிடு. இரும்பு மாத்திரையை மறந்துவிடாதே. கர்த்தர் உன்னையும் பிள்ளையையும் தம் சிறகில் வைத்துக் காப்பாராக.

உன்னைப் பெற்ற அம்மா,
ரெபேக்காள்