சர்க்கரையை மட்டும் பார்த்தவன்

மார்ச் 4, செவ்வாய்

ஒன்பது மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது. பழுது பார்க்கப் போகிறவன் படியேறித்தான் ஆக வேண்டும், என் தொழிலின் வேடிக்கை அது. ஐந்தாவது மாடியில் யாரோ நெஞ்சில் கைவைத்து அமுக்குவது போல இருந்தது. உட்கார்ந்ததும் சரியாகிவிட்டது. வீட்டில் சொல்லவில்லை.

மார்ச் 6

சொல்லிவிட்டேன். மனைவி நேராக டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். இதய ரத்தக்குழாயில் அடைப்பு ஆரம்பித்திருக்கிறதாம். இப்போதைக்கு மாத்திரையும் சாப்பாட்டு மாற்றமும் போதும். ஆனால் அடுத்த பரிசோதனை வரை லிஃப்ட் குழிக்குள் இறங்கக் கூடாது. கம்பெனியில் என்னைப் போன் எடுக்க உட்கார வைத்துவிட்டார்கள்.

ஒன்றுதான் புரியவில்லை. பல வருஷமாகச் சர்க்கரை வியாதி. இனிப்பைக் கையால் தொடுவதில்லை. அப்புறம் எப்படி?

மார்ச் 11

ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகரிடம் அதையே கேட்டேன். வேறு என்னென்ன சாப்பிடுவேன் என்று விசாரித்தார். பெருமையாகவே சொன்னேன்: சர்க்கரை சேர்க்காத பிஸ்கட், சீஸ், சிப்ஸ். சர்க்கரை வியாதி இருந்தாலே இதயத்துக்கு ஆபத்து கூடுதல் என்றார். கொழுப்பையும் உப்பையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டுமாம்.

"இத்தனை நாள் இனிப்பு ஒண்ணைத்தான் காவல் காத்திருக்கீங்க," என்றார்.

மார்ச் 12

அந்த பிஸ்கட் பாக்கெட்டை இன்றுதான் கடையில் பின்பக்கம் திருப்பிப் படித்தேன். சர்க்கரை இல்லை, உண்மைதான். வெண்ணெயும் உப்பும் தாராளம். ரொட்டியிலுமா உப்பு? சூப் பொடியில் இவ்வளவா? ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிக்கொண்டே இருந்தேன். கடைக்காரர் என்னை உணவு அதிகாரி என்று நினைத்து நாற்காலி போட்டார்.

மார்ச் 19

இது விசித்திரம். ரொட்டியை வெறுமனே சாப்பிட்டு விரலில் குத்திப் பார்த்தால் ரத்தச் சர்க்கரை எகிறுகிறது. முதலில் காய்கறியும் பீன்ஸும், பிறகு அதே ரொட்டி — அவ்வளவு ஏறவில்லை. எல்லாருக்கும் இப்படியா, எனக்கு மட்டுமா? ஆரஞ்சை அப்படியே தின்பதற்கும் சாறாகக் குடிப்பதற்கும்கூட வித்தியாசம் தெரிகிறது. விரல் நுனியெல்லாம் புள்ளி புள்ளியாக இருக்கிறது. நிறுத்த மனம் வரவில்லை.

மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள். "சாப்பிடறதுக்கு முன்னாடி படிக்கிறீங்க, சாப்பிட்டு முடிச்சதும் குத்திப் பாக்கறீங்க. நடுவுல ருசி தெரியுதா?"



மார்ச் 27



சர்க்கரை எவ்வளவு இறங்கும், பார்த்துவிடலாமே என்று மதியம் சாப்பிடவில்லை. சர்க்கரைக்கான மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டேன். மடையன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே வேர்த்துக் கொட்டியது, சுவர் ஆடியது. அவள் தண்ணீரில் சர்க்கரையைக் கலக்கி வாயருகே பிடித்தாள். "குடிங்க" — அவ்வளவுதான். நான் தெளிந்த பிறகு சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்தையும் மீறி அழுகை கேட்டது.

என்னடா பண்ணிட்டிருக்கே நீ?

மார்ச் 28

டாக்டரிடம் நல்ல திட்டு. மாத்திரையை மாற்றினார். வேளை தவறக் கூடாது.

ஏப்ரல் 9

வேர்க்கடலை. உப்பு போடாதது, ஒரு கைப்பிடி. இவ்வளவு ருசியா இருந்தது இதற்கு?

ஏப்ரல் 27, ஞாயிறு

நேற்றுப் பரிசோதனை முடிவு வந்தது. கெட்ட கொழுப்பு நன்றாகவே இறங்கியிருக்கிறது. இயந்திரத்தில் ஓடவிட்டுப் பார்க்கும் இதயப் பரிசோதனையிலும் தேறிவிட்டேன். நாளை முதல் பழைய வேலை.

இன்று சமையல் நான். மீனை எண்ணெயில் பொரிக்காமல் பூண்டும் மிளகும் எலுமிச்சையும் தடவி ஓவனில் வைத்துச் சுட்டேன். தம்பி குடும்பத்தோடு வந்திருந்தான். நோயாளிச் சாப்பாடு நமக்கெதற்கு என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தவன், அப்புறம் வாயைத் திறந்தது "இன்னொரு துண்டு வைங்க அண்ணா" என்பதற்குத்தான். எல்லாருக்கும் போட்டுவிட்டு நான் உட்கார்ந்தபோது தட்டில் வாலும் முள்ளும்தான் மிச்சம்.

மனைவி தன் மீனில் பாதியைப் பிட்டு, முள்ளெடுத்து, பேச்சு வாக்கில் என் பக்கம் தள்ளி வைத்தாள்.