ஞாயிறு கணக்கில் சேராது

பிப்ரவரி 14, சனி

கோயில்பிள்ளை கோணிப்பையோடு வந்தார். போன வருஷத்துக் குருத்தோலைகளை வீடு வீடாக வாங்கி எரித்து, புதன்கிழமைக்குச் சாம்பல் ஆக்க வேண்டுமாம். மணியடிப்பது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, ஓலை பொறுக்குவது எல்லாம் அவர் தலையில்தான். "இந்தத் தெருவுல இதுவரைக்கும் யாரு குடுத்தா?" என்று கேட்டேன். "இன்னும் ஆரம்பிக்கவே இல்லம்மா" என்றார். அப்புறம் என்ன? முக்காலியைப் போட்டு ஏறி, இருதய ஆண்டவர் படத்துக்குப் பின்னால் கைவிட்டு எடுத்து, பையில் போட்டேன். முதல் ஓலை என்னுடையது. மருமகள் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். கீழே விழுந்து வைப்பேன் என்று பயந்திருப்பாள்.

கண் டாக்டரின் சீட்டை மறுபடியும் எடுத்து வந்தாள். "புரை முத்திடுச்சு அத்தை. இனியும் தள்ளிப் போடாதீங்க." எனக்குப் புரையும் இல்லை, திரையும் இல்லை. இந்த வீட்டு பல்புக்குத்தான் வயசாகிவிட்டது.

பிப்ரவரி 18, புதன்

சாம்பல் புதன், தவக்காலத்தின் முதல் நாள். சாமியார் என் நெற்றியில் சாம்பலைக் கொஞ்சம் தாராளமாகவே பூசிவிட்டார்.

பேத்தி காலண்டரை வைத்து எண்ணினாள். "பாட்டி, ஈஸ்டருக்கு முந்தின நாள் வரைக்கும் நாப்பத்தாறு வருது. நாப்பதுன்னுதானே சொன்னாங்க?" அறுபத்தெட்டு வயசு வரை நாற்பது நாள், நாற்பது நாள் என்று சொல்லித் திரிந்திருக்கிறேன். ஒரு தடவையாவது எண்ணிப் பார்த்தேனா? இவள் எட்டு வயசில் எண்ணுகிறாள். சாயங்காலம் மறைக்கல்வி டீச்சரிடம் கேட்டு வந்து சொன்னாள்: ஞாயிறு கணக்கில் சேராது. அது ஆண்டவர் உயிர்த்த நாள், அன்றைக்கு ஒறுத்தல் கிடையாது. ஆறு ஞாயிறைக் கழித்தால் நாற்பது. என் பேத்தி என்றால் சும்மாவா!

நான் டீயில் சர்க்கரையை விட்டுவிட்டேன். மருமகளிடம், "நீ எதை விடறே?" என்றேன்.

"சொல்லக் கூடாது அத்தை. சொன்னா பெருமைக்குப் பண்ணின மாதிரி ஆயிடும்."

அது எனக்குப் போட்ட குத்தா? தெரியவில்லை. ஆனால் எதை விட்டிருப்பாள்? டீயில் வழக்கம் போல இரண்டு கரண்டி போட்டுக்கொள்கிறாள். செல்போன் கையோடு ஒட்டிக்கொண்டே இருக்கிறது. கப்பலில் இருக்கிற என் மகனோடு சிரித்துச் சிரித்துப் பேசுகிறாள். கண்டுபிடிக்காமல் விடப் போவதில்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

எழுதவே கை வரவில்லை.

சிலுவைப்பாதை முடிந்து வந்து, வழக்கம் போல என் வீட்டுக்காரர் முடிந்த ஓலைச் சிலுவையைத் தொட்டுக் கும்பிட முக்காலியில் ஏறினேன். இல்லை. படத்துக்குப் பின்னால் வெறும் சுவர்தான் இருந்தது.

அவர் போய் நான்கு வருஷம். அச்சகத்தில் தாள் மடிக்கிற வேலை, இடக்கைக்காரர். குருத்து ஞாயிறன்று கோயிலில் கொடுக்கிற ஓலையை நகத்தால் கீறி, ஊசி நூல் இல்லாமல் சிலுவையாக முடிந்து தருவார். நடுவில் ஒரு சின்ன மொட்டு இருக்கும். கேட்டவருக்கெல்லாம் முடிந்து கொடுப்பார். கடைசி வருஷம் முடிந்ததை மட்டும் நான் எரிக்கக் கொடுக்கவே இல்லை. வருஷா வருஷம் வெறும் ஓலையைத்தான் கொடுப்பேன், இந்த வருஷமும் அதைத்தான் கொடுத்தேன். அப்படியானால் அவருடையது எங்கே போனது?

மருமகளைக் கூப்பிட்டேன். "போன வாரம் தூசி தட்டினது நீதானே? மாமாவோட சிலுவையை என்ன பண்ணினே?"

வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

தப்பு செய்யாதவள் ஏன் பேசாமல் போகிறாள்?

பிப்ரவரி 21, சனி

இன்றைக்கும் கேட்டேன், கொஞ்சம் சத்தமாகவே. குப்பை என்று நினைத்தாயா, உன் வீட்டு மனுஷன் முடிந்ததாக இருந்தால் இப்படித் தூக்கிப் போடுவாயா என்றெல்லாம் கேட்டேன். ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை திருப்பிக் கொடுக்கிறவள் தரையைப் பார்த்துக்கொண்டு துணி மடித்தாள். கண் மட்டும் சிவந்திருந்தது.

இனி அவளோடு பேச்சு இல்லை.

பிப்ரவரி 22, ஞாயிறு

அவளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஞாயிறு டூட்டி. காலையில் என்னிடம் ஏதோ சொல்ல வந்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, ஓடினாள்.

பிப்ரவரி 24, செவ்வாய்

கோயில்பிள்ளையைப் போய்ப் பார்த்தேன். மிச்சச் சாம்பலை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறார். திறந்து காட்டினார். சலித்த சாம்பல், மாவு மாதிரி இருந்தது.

"முடிஞ்ச ஓலை ஏதாவது வந்துச்சா? நடுவுல மொட்டு வச்சது?"

"நெறைய வந்துச்சும்மா. உங்க வீட்டுக்காரர் முடியாத வீடு இங்க எது? பழசு எல்லாத்தையும் குடுங்கன்னு சாமியார் பூசையில சொல்லிட்டாரு, சனம் வழிச்சிக் குடுத்துடுச்சு."

"எங்க வீட்டுது?"

"எது யாருதுன்னு சாம்பல் வாயத் தெறந்து சொல்லுமா?"

வழியெல்லாம் அதே யோசனை. அப்படியென்றால் புதன்கிழமை அவர் எல்லார் நெற்றியிலும் இருந்திருக்கிறார்! பாட்டுக்குழு டீச்சர் நெற்றியில், இறைச்சிக் கடைக்காரர் நெற்றியில். அவருக்குக் கட்டோடு பிடிக்காத ஒலிபெருக்கிக்காரர் வழுக்கையில்கூட. சிரிப்பு வந்துவிட்டது. எனக்குப் பூசியதில் அவர் எத்தனை பங்கு இருந்திருப்பார்? நான்தான் வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேனே.

பிப்ரவரி 27, வெள்ளி

பழைய காலண்டர் தாளை நீளமாகக் கிழித்து முடிந்து பார்த்தேன். கை நான்கும் வருகிறது. மொட்டு வரவில்லை. நுனியை எதன் அடியில் விட்டு எங்கே இழுப்பார்? நாற்பது வருஷம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மற்ற பெண்களிடம், "இது இவரே கண்டுபிடிச்ச முடிச்சு, உலகத்துல வேற யாருக்கும் தெரியாது" என்று பீற்றிக்கொண்டேன். ஒரு நாளாவது கையைப் பார்த்தேனா? அவர் கையைப் பார்க்கிறவர்கள் முகத்தை அல்லவா பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 1, ஞாயிறு

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பூசை முடிந்து வந்ததும் மருமகள் இரண்டு டீயோடு என் எதிரில் உட்கார்ந்தாள். "அத்தை, இன்னைக்கு ஞாயிறு. இன்னைக்கு நான் பேசலாம். நீங்க மூஞ்சியத் திருப்பினாலும் பேசுவேன்."

"பேசேன், யாரு வேண்டாம்னா."

"மாமாவோட சிலுவைய நீங்கதான் குடுத்தீங்க. உங்க கையால. ரெண்டையும் சேர்த்து எடுத்துப் பையில போட்டீங்க. நான் பார்த்துக்கிட்டேதான் நின்னேன்."

"நான் ஒண்ணுதான் எடுத்தேன்!"

"ரெண்டு, அத்தை. ஒண்ணோட ஒண்ணு சிக்கிக் கெடந்துச்சு. நீங்க பாக்கல."

"அப்ப நீ ஏன் வாயத் தெறக்கல?"

"தெரிஞ்சுதான் குடுக்கறீங்கன்னு நெனச்சேன். நாலு வருஷமா வச்சிருந்ததை ஆண்டவருக்குன்னு மனசாரக் குடுக்கறாங்களேன்னு எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. எங்கம்மாவுக்குப் போன் போட்டுப் பெருமையாச் சொன்னேன்."

"அன்னைக்கு நான் கத்தினப்பவாவது சொல்லியிருக்கலாம் இல்ல?"

"அதுக்குத்தானே வாயக் கட்டிக்கிட்டேன்! உங்கள எதிர்த்துப் பேச மாட்டேன்னுதான் இந்த நாப்பது நாளைக்கு நேர்ந்துக்கிட்டேன். மூணாம் நாளே இப்படி ஒரு சோதனை வரும்னு யாருக்குத் தெரியும்?"

பேத்தி உள்ளேயிருந்து கத்தினாள்: "ஞாயிறு கணக்குல சேராது பாட்டி! நான்தான் அம்மாவுக்குச் சொன்னேன்!"

டீயைக் குடித்தேன். சர்க்கரை போட்டிருந்தாள். ஞாயிறு அல்லவா.

மார்ச் 2, திங்கள்

அப்படியானால் கொடுத்தது நான்.

மார்ச் 6, வெள்ளி

சிலுவைப்பாதைக்கு வந்தவர்களிடம் எல்லாம் விசாரித்தேன். அவர் முடிந்தது யாரிடமாவது ஒன்று இருக்காதா? பிரித்தாவது பார்க்கலாமே. "பையில போட்டுட்டேனே அக்கா." "சாமியார் சொன்னாரேம்மா." இந்தப் பங்கு மக்கள் மற்ற எதில் சாமியார் பேச்சைக் கேட்டார்கள்? இதில் மட்டும் கேட்டிருக்கிறார்கள்.

இன்னும் ஒருத்தி இருக்கிறாள். அவளிடம் கேட்க முடியாது.

மார்ச் 7, சனி

என் நாத்தனார். அவருடைய ஒரே தங்கை. கடைசி வருஷம் அவளுக்கும் ஒன்று முடிந்து கொடுத்தார்.

அடக்கத்தன்று எல்லார் முன்னாலும், "நேரத்தோட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா எங்கண்ணன் இருந்திருப்பாரு" என்றாள். "இனி என் வாசப்படி மிதிக்காதே" என்றேன். அன்று போனவள்தான். இப்போது ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்துக் கோயிலுக்குப் போகிறாள்.

மார்ச் 10, செவ்வாய்

நானாகப் போக மாட்டேன்.

மார்ச் 14, சனி

அந்த மொட்டு எந்தப் பக்கம் மடிந்திருக்கும்? இடப்பக்கமா, வலப்பக்கமா? கண்ணை மூடினால் இரண்டு பக்கமும் மடிகிறது.

மார்ச் 21, சனி

நாளையிலிருந்து ஈஸ்டர் வரைக்கும் கோயில் சுரூபங்களைத் துணியால் மூட வேண்டும். ஊதா அங்கிகள் வருஷா வருஷம் என் தையல்தான். மூன்று தடவை முயன்றும் ஊசியில் நூல் நுழையவில்லை. மருமகள் ஒன்றும் பேசாமல் வாங்கிக் கோத்துக் கொடுத்தாள். அவள் பேசாத ஒவ்வொரு வார்த்தையும் இப்போது எனக்குக் காதில் விழுகிறது.

கோயிலில் போர்த்திப் பார்த்தால் சூசையப்பருக்கு முழங்காலுக்குக் கீழே துணி இல்லை. டேப்பில் எண்ணை மாற்றிப் படித்திருக்கிறேன். முப்பது வருஷத்தில் இப்படி நடந்ததில்லை.

"சூசையப்பருக்குக் கால் தெரியுதேம்மா" என்றார் கோயில்பிள்ளை.

"தச்சர்தானே. வேலைக்கு எறங்கினா வேட்டிய மடிச்சுத்தான் கட்டுவாரு" என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று எத்தனை விஷயத்தில் சொல்லியிருக்கிறேன். கையில் இருப்பது ஓலை ஒன்றா இரண்டா என்றுகூடத் தெரியவில்லை. அன்றைக்கு அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோதும் நான்தானே சொன்னேன்: "வாயுதான், எனக்குத் தெரியும், வெந்நீர் குடிங்க."

மார்ச் 26, வியாழன்

போனேன். மருமகள் லீவு போட்டுக் கூட வந்தாள். மூன்றாம் மாடி. ஏறும்போதெல்லாம் திரும்பிவிடலாம் என்றிருந்தது.

நாத்தனார் கதவைத் திறந்தாள். முடி முழுக்க வெளுத்துவிட்டது. நெற்றி அவருடையது. இத்தனை வருஷத்தில் இதை நான் பார்த்ததே இல்லையா?

"வாங்க அண்ணி" என்றாள்.

சுவரில் இருந்தது. மஞ்சள் பழுத்து, மொட்டோடு. "இங்கயும் ஓலை கேட்டு வந்தாங்க. குடுக்க மனசு வரல. எங்கண்ணன் முடிஞ்சது" என்றாள்.

"என்கிட்ட இருந்ததை நானே எரிக்கக் குடுத்துட்டேன்" என்றேன். "தெரியாம." அந்த வார்த்தையைச் சொல்லிப் பழக்கமில்லை. ஆனால் அதைச் சொன்னதும் மற்றதும் கூடவே வந்துவிட்டது. "அன்னைக்கும் தெரியாமதான். வாயுன்னு நெனச்சேன். நீ சொன்னது நெசம். அதனாலதான் உன்னைப் போன்னு சொன்னேன்."

அவள் நாற்காலியை இழுத்து எனக்குப் போட்டாள். "நானும் அதைச் சபையில சொல்லியிருக்க வேண்டாம்" என்றாள்.

பிறகு சிலுவையை எடுத்து என் மடியில் வைத்தாள். பிரித்தால் நொறுங்கிவிடும் என்று தொட்டதுமே தெரிந்தது. "பிரிச்சுப் பாக்கத்தான் வந்தேன். வேண்டாம், இது ஒண்ணுதான் மிச்சம்" என்றேன்.

"எதுக்குப் பிரிக்கணும்?"

"முடிச்சு எப்படின்னு பாக்க. அவரே கண்டுபிடிச்சது..."

அவள் சிரித்தாளே ஒரு சிரிப்பு! "அண்ணனா கண்டுபிடிச்சுது? நல்லாக் கதை விட்டிருக்காரு! எங்கம்மா எங்க ரெண்டு பேருக்கும் சொல்லிக் குடுத்ததாச்சே."

மேசையில் கிடந்த செய்தித்தாளைக் கிழித்தாள். பத்து எண்ணுவதற்குள் மொட்டு வந்துவிட்டது. மருமகள் வாய்விட்டுச் சிரித்தாள். நாற்பது வருஷம் நான் பீற்றிக்கொண்டதை எல்லாம் நாத்தனார் எந்த மூலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாளோ, ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"ஞாயித்துக்கிழமை பச்சை ஓலையில முடிஞ்சு காட்டுறியா?" என்றேன்.

"எங்க?"

"நம்ம வீட்டுல."

மார்ச் 29, ஞாயிறு

குருத்து ஞாயிறு. பவனி முடிந்ததும், சொன்னபடியே நாத்தனார் வந்தாள். பேத்தி உள்ளே ஓடினாள், மருமகள் போனாள், நாத்தனார் மட்டும் ஓலையைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். செருப்பைக் கழற்றவில்லை. ஏன் நிற்கிறாள் என்று எனக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்ததும் ஓடிப் போய் அவள் கையைப் பிடித்தேன். "உள்ள வா. அன்னைக்குச் சொன்னதை நான் வாபஸ் வாங்கிக்கறேன். எல்லார் முன்னாலயும் சொன்னேன், இப்பவும் எல்லார் முன்னாலயும் சொல்றேன்." எல்லார் என்றால் மருமகளும் பேத்தியும், எட்டிப் பார்த்த எதிர்வீட்டம்மாவும்தான்.

அவள் முடியும்போது இந்தத் தடவை கையை மட்டும் பார்த்தேன். மொட்டு வலப்பக்கம் மடிந்தது. அவருடையதை அவள் கொண்டுவந்திருந்தாள். பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அது இடப்பக்கம். "அம்மாவுக்கு எதிர்ல உக்காந்து கத்துக்கிட்டாரு. இடக்கை வேற. எல்லாமே கண்ணாடியில பாக்கற மாதிரி" என்றாள்.

அந்த இடப்பக்க மடிப்பு மட்டும் அவர் கண்டுபிடித்தது. அது போதும் எனக்கு.

ஏப்ரல் 25, சனி

வலக்கண்ணில் புரை எடுத்து, கட்டு அவிழ்த்து ஒரு வாரம். இந்த எழுத்தெல்லாம் எவ்வளவு கோணல்! பின்னால் புரட்டிப் பார்த்தால் பிப்ரவரியில் ஒரு வரி மேல் இன்னொரு வரி ஏறிப் படுத்திருக்கிறது. பல்பில் குறை ஒன்றும் இல்லை.

முக்காலியில் ஏறிப் பார்த்தேன். படத்துக்குப் பின்னால் ஒரே ஒரு சிலுவை, நாத்தனார் முடிந்தது, மொட்டு வலப்பக்கம். அடுத்த வருஷம் கோயில்பிள்ளை வந்தால் அதை எடுத்துக் கொடுப்பேன். பார்த்துக் கொடுப்பேன்.

"எறங்குங்க அத்தை! கண்ணு வந்துடுச்சுன்னா காலும் வந்துடுச்சுன்னு அர்த்தமா? சொன்னா கேக்கவே மாட்டீங்களா?"

இன்றைக்கு சனிக்கிழமைதான். தவக்காலம் முடிந்துவிட்டது அல்லவா, அவள் எல்லா நாளும் எதிர்த்துப் பேசுகிறாள். இறங்கிவிட்டேன்.