உண்மைக்கு ஒரு மாதம்

நம் மகளின் அப்பாவுக்கு,

நலம். இங்கே மழை விட்டுவிட்டது.

அடுத்த ஆண்டிலிருந்து மாதத்துக்கு ஒரு நற்பண்பை வைத்தே எல்லாப் பாடமும் நடத்த வேண்டும் என்று தலைமை சிஸ்டர் சொல்லிவிட்டார். ஆளுக்கொரு மாதத்தைத் திட்டமிட வேண்டும். எனக்கு வந்தது உண்மை. சிரிக்காதீர்கள்.

காலை ஜெபம் முடிந்ததும் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவரும் ஓர் உண்மை சொல்லட்டும், யாரும் திட்டக்கூடாது என்று எழுதிக் கொடுத்தேன்.

"முதல்ல உங்க வகுப்புல செஞ்சு பாருங்க டீச்சர்" என்றார் சிஸ்டர்.

நேற்று செய்தேன். ஒருத்தி சாக்பீஸ் தின்றதைச் சொன்னாள். அடுத்தவள் என்னைப் பார்த்து, "டீச்சர், வெளியூர் வேலைக்குப் போன அங்கிள் எப்ப வருவாரு?" என்றாள். நீங்கள் போனதிலிருந்து எல்லாரிடமும் சொல்லிவந்த 'அடுத்த மாசம் வருவாரு' என்ற பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"அவர் வேலைக்குப் போகலம்மா. கோவிச்சுக்கிட்டுப் போயிருக்காரு. எப்ப வருவாருன்னு எனக்குத் தெரியாது" என்றேன்.

யாரும் திட்டவில்லை. "இப்ப என் முறை டீச்சர்" என்றான் பக்கத்தில் இருந்தவன்.

மதியத்துக்குள் பள்ளி முழுக்கத் தெரிந்துவிட்டது. சிஸ்டர் என் திட்டத்தில் கையெழுத்துப் போட்டார். ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன்.

உங்களை வரச் சொல்லி இதை எழுதவில்லை. வந்தால், வெளியூரிலிருந்து வருவதாக யாரிடமும் நீங்கள் நடிக்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா