கையெழுத்துப் போடமாட்டேன்

9.7.2007, திங்கள்
காலையிலிருந்து சாரல். தேனி போய் நூல்கண்டு வாங்க வேண்டும். ஆறு ஜாக்கெட்டுக்குக் கொக்கி பாக்கி.

ரம்யா ஐந்து டெஸ்ட் பேப்பரை நீட்டினாள், பெற்றோர் கையெழுத்துக்கு. எட்டாவதுக்கே இப்படி. பேனாவைத் திறந்துகொண்டே சும்மா கேட்டேன்: "இந்த ஒளிப் பாடம் சார் எப்படி நடத்துனாக?"

"நடத்தலம்மா. டெஸ்டுக்கே நேரம் சரியாப்போச்சு. நீங்களே படிச்சிட்டு வந்து எழுதுங்கன்னுட்டாக."

சுருக்கென்றது. உட்கார்ந்து எழுதச் சொன்னேன், வாரக் கணக்கை:
தினமும் முதல் பீரியடு – டெஸ்ட்
புதன் மதியம் – யூனிட் டெஸ்ட்
சனி பூரா – வாரத் தேர்வு
மாதத் தேர்வு தனி. மார்க் குறைந்தால் மறு டெஸ்ட்.
பாடம் எப்போது?

பேனாவை மூடிவிட்டேன். இல்லை, திரும்பத் திறந்து ஓரத்தில் எழுதினேன்: 'டெஸ்டைக் குறைத்துப் பாடம் நடத்துங்கள். அதுவரை கையெழுத்து இல்லை.'

இவர் வந்ததும் சத்தம். "ஒரு கையெழுத்துதான, போட்டு விட்டுரு. டி.சி.யக் கிழிச்சுக் குடுத்துட்டா எங்கன போய்ச் சேக்குறது?"
பயம்தான். எனக்கும். போடமாட்டேன்.

10.7, செவ்வாய்
பிள்ளையை நாள் பூரா வகுப்புக்கு வெளியே நிற்க வைத்திருக்கிறார்கள். செருப்பை மாட்டிவிட்டேன், போய் நாலு கேள்வி கேட்க. ரம்யா சிரிக்கிறாள்.
"விடும்மா. அங்கன நின்னு ஒளிப் பாடத்த மூணு தடவ வாசிச்சேன். இப்பதான் கொஞ்சம் புரியுது."
காலுக்குத் தைலம் தேய்த்தேன். அழுதது நான்தான்.

11.7, புதன்
ஜாக்கெட் வாங்க மும்தாஜ். அவள் மகளும் ரம்யா வகுப்பு. விஷயத்தைச் சொன்னேன்.
"எம்மகளுக்கும் கைதான் தேயுதுக்கா, மண்டையில ஒண்ணும் ஏறல. நானும் போடல, போங்க."
அப்புறம் வந்த எல்லா அம்மாக்களிடமும் சொன்னேன். அளவு எடுக்கும்போதே சொன்னேன், டேப்பைச் சுற்றிவிட்டால் எங்கே ஓடுவார்கள்?

12.7, வியாழன்
மழை இல்லை. பேய்க்காற்று. இன்னும் நூல் வாங்கவில்லை.

வகுப்புக்கு வெளியே இன்று பத்தொன்பது பேர்! உள்ளே பாதி பெஞ்சு காலி. அறிவியல் சார் கேள்வித்தாளை மேசையில் வைத்துவிட்டு வராந்தாவுக்கே வந்துவிட்டாராம். பக்கெட் தண்ணீரில் ஸ்கேலை விட்டு, ஏன் வளைந்து தெரிகிறது என்று நடத்தினாராம். உள்ளே இருந்ததுகளும் எழுந்து வந்துவிட்டதுகளாம். டெஸ்ட் நடக்கவில்லை.

ரம்யா வந்ததும் வராததுமாக என் துணி அளக்கும் ஸ்கேலை எடுத்துக் குடத்துக்குள் விட்டுப் பார்க்கிறாள். திட்டவில்லை.

ஹெச்.எம். ஆள் அனுப்பியிருக்கிறார். நாளைக் காலை நான் வந்து எல்லாப் பேப்பரிலும் கையெழுத்துப் போட வேண்டுமாம், இல்லாவிட்டால் டி.சி.

போவேன். பேனா எடுத்துப் போகமாட்டேன்.