இரண்டு நிமிடம் பத்து வினாடி

மார்ச் 3

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. பக்கத்திலேயேதான் நின்றிருந்தேன். "பாத்துக்கிட்டே நிக்கிறீங்களே, சாமியாரே!" என்று மனைவி கத்தினாள். எனக்கு உள்ளூரப் பெருமை. வேதாந்த நூல் சொல்வது இதைத்தானே? உடம்பு நீ இல்லை, மனம் நீ இல்லை, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பவனே நீ. அவனிடம் எதுவும் ஒட்டாது. அதை அறிந்தால் விடுதலை. மூன்று வருடமாகப் பழகுகிறேன். கிடங்கின் கேமரா அறை வேலை இதற்கென்றே அமைந்தது. பதினாறு திரை, ஒரு நாற்காலி.

மார்ச் 6

எல்லோரும் சாப்பிடப் போன நேரம், ஏழாம் வரிசையில் நெட்டை விழுந்துவிட்டான். மூட்டை ஏற்றுகிறவன், என் வயதுதான். மாரடைப்பு. உடனே அபாய மணி அடித்தேன். பிழைக்கவில்லை.

மார்ச் 7

நேற்று எழுதியது பொய். உடனே அடிக்கவில்லை.

அவன் நெஞ்சைப் பிடித்ததும் என் கை பொத்தானுக்குப் போனது. மனம் பதறியது. பதறுகிற மனத்தைப் பார்ப்போமே என்று — கடவுளே, அப்படித்தான் நினைத்தேன் — கையை இழுத்துக்கொண்டேன். பதற்றம் மெல்ல அடங்கியது. எவ்வளவு அமைதி! அப்புறம்தான் அடித்தேன். இன்று பதிவை ஓட்டிப் பார்த்தேன். இரண்டு நிமிடம் பத்து வினாடி.

மார்ச் 12

ஏழாம் வரிசை காலியாகத்தான் இருக்கிறது. ஆனால் திரையில் ஒரு கை தெரிகிறது. விழுந்த பிறகு அவன் கேமராவைப் பார்த்துக் கையைத் தூக்கினான். நான் பார்ப்பேன் என்று அவனுக்குத் தெரியும்.

மார்ச் 19

நெட்டையின் மனைவி அவன் சாப்பாட்டு டப்பாவையும் செருப்பையும் வாங்கிப்போக வந்தாள். நேரே என்னிடம் வந்தாள். "நீங்கதான் மொதல்ல பாத்து மணி அடிச்சீங்களாமேண்ணே. நல்லா இருங்க." கையெடுத்துக் கும்பிட்டாள்.

நூல்படி செய்பவன் நான் அல்லவாம். சரி, கையை இழுத்தவன் எவன்? அந்த அமைதியை ருசித்தவன் எவன்? இன்னிக்கு அந்தக் கும்பிடை வாங்கிக்கிட்டு நின்னவன் எவன்டா?

மார்ச் 24

இன்றும் கை.

மார்ச் 30

முப்பது நாளில் பதிவு தானாக அழிந்துவிடும். இன்னும் ஆறு நாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

மனைவியிடம் சொல்லிவிட்டேன். "அந்தப் பொம்பள கும்பிட்டத எப்படிங்க தாங்கிக்கிட்டீங்க?" என்றாள். இப்போதெல்லாம் சாமியாரே என்று கூப்பிடுவதில்லை.

ஏப்ரல் 4

மேலாளரிடம் நடந்ததைச் சொல்லி, பதிவை எடுத்து வைக்கச் சொன்னேன். "பைத்தியமா உங்களுக்கு? நாளைக்குத் தானா அழிஞ்சிரும்" என்றார்.

நெட்டையின் மனைவியை வரச் சொல்லி, உட்கார வைத்து, நானே ஓட்டிக் காட்டினேன். அவன் கை எழுந்தது.

"உங்களத்தானே கூப்புடுறாரு... பாக்கலையாண்ணே?"

"பாத்தேன்மா."

"பாத்துட்டு?"

"சும்மா இருந்தேன்."

சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "யாருய்யா நீ?"

மூன்று வருடமாக நூலும் இதையேதான் கேட்டது. இவளுக்குத்தான் பதில் சொல்ல முடிந்தது.

"மணி அடிக்காம உக்காந்திருந்தவன். நான்தாம்மா."

ஏப்ரல் 8

வேலை போய்விட்டது. கண்ணை மூடினால் அந்தக் கை இன்னும் தூக்கியபடியே இருக்கிறது.

காலையில் பால் பொங்கியது. பதறி ஓடி, துணிகூட எடுக்காமல் பாத்திரத்தை இறக்கினேன். விரலெல்லாம் கொப்புளம். மனைவி குழாயைத் திறந்துவிட்டாள். சுட்டது எனக்குத்தான்.